கனடாவில் கஞ்சா சட்டபூர்வமான பிறகு: தமிழ்ப் பெற்றோர் கேட்ட கேள்விகள்

ஸ்காபரோவில் ஒரு நூலகத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும் தமிழ்ப் பெற்றோர் சந்திப்புக்குச் சில வருடங்களாக உதவி வருகிறேன். வீட்டுப்பாடத்தில் தொடங்கும் கதை எப்படியோ கஞ்சாவில் வந்து நிற்கும். அங்கே கேட்ட கேள்விகளையும், நான் வீட்டுக்கு வந்து தேடிப் படித்து அடுத்த முறை சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வைத்தியரோ வழக்கறிஞரோ இல்லை, இரண்டு பிள்ளைகளின் அம்மா. உங்கள் வீட்டுப் பிரச்சினைக்கு உரியவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

2018இல் உண்மையில் என்ன மாறியது?

2018 ஒக்ரோபர் 17ஆம் திகதி கனடாவின் கஞ்சாச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மருத்துவத் தேவைக்கு 2001இலிருந்தே அனுமதி இருந்தது. புதிய சட்டத்தின் பிறகு, வயது வந்த எவரும் அனுமதி பெற்ற கடையில் வாங்கலாம், வெளியே போகும்போது 30 கிராம் உலர்ந்த கஞ்சா வரை வைத்திருக்கலாம், வீட்டில் நான்கு செடி வளர்க்கலாம். கியூபெக் மாகாணம் வீட்டில் வளர்ப்பதை விடாப்பிடியாகத் தடுத்தது. 2023இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. வாங்கும் வயது ஒன்ராறியோவில் 19, அல்பேர்ட்டாவில் 18, கியூபெக்கில் 21.

பலர் இதைக் "கதவைத் திறந்துவிட்டார்கள்" என்று புரிந்துகொள்கிறார்கள். சட்டத்தை வாசித்தால் பூட்டுகள்தான் கூடுதலாகத் தெரியும். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்றால் 14 வருடம் வரை சிறை. விளம்பரம் அநேகமாக முழுவதும் தடை. பொதியில் படமும் பகட்டும் கூடாது, மஞ்சள் நிற எச்சரிக்கையும் சிவப்பு எண்கோணக் குறியும் இருக்க வேண்டும். ஒன்ராறியோவில் பாடசாலைக்கு 150 மீற்றருக்குள் கடை வைக்க முடியாது. நகரசபைகளுக்குக் கடையே வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் கிடைத்தது. மார்க்கம், மிசிசாகா என்ற இரண்டு நகரங்களும் ஆரம்பத்தில் அப்படித்தான் சொன்னன. மிசிசாகா 2023இல் மனம் மாறியது.

வரிக் காசுக்காகத்தானே செய்தார்கள்?

காசு ஒரு காரணம்தான், முதல் காரணம் என்று நான் நினைக்கவில்லை. கனடா கஞ்சாவைத் தடைசெய்தது 1923இல். கிட்டத்தட்ட நூறு வருடம் தடை இருந்தும், உலகில் அதிகம் கஞ்சா பாவிக்கும் இளைஞர்கள் உள்ள நாடுகளில் கனடாவும் ஒன்றாக இருந்தது. சிறிதளவு வைத்திருந்ததற்குக் குற்றம் சாட்டக்கூடாது என்று அரசே அமைத்த லெ டேன் ஆணைக்குழு 1972இலேயே சொல்லியிருந்தது. யாரும் கேட்கவில்லை. 2015 தேர்தலில் ஜஸ்டின் ட்ரூடோ வாக்குறுதி கொடுத்து வென்றார், 2018இல் சட்டம் நிறைவேறியது. பிள்ளைகளிடமிருந்து கஞ்சாவைத் தள்ளி வைப்பது, குற்றக் கும்பல்களின் வருமானத்தைப் பறிப்பது, என்ன இருக்கிறது என்று சோதித்த பொருளை வளர்ந்தவர்களுக்குக் கொடுப்பது: அரசு சொன்ன நோக்கங்கள் இவை. விளைவை இவற்றை வைத்து அளப்பதே நியாயம்.

இப்போது எல்லாரும் அடிக்கத் தொடங்கிவிட்டார்களா?

இல்லை. ஆனால் கூடியிருக்கிறது. கடந்த 12 மாதத்தில் ஒருமுறையாவது கஞ்சா பாவித்தீர்களா என்று 16 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கனடா அரசு ஒவ்வொரு வருடமும் கேட்கிறது. 2018இல் ஆம் என்றவர்கள் 22 வீதம், 2023இல் 26 வீதம். பாவிப்பவர்களுக்குள் தினமும் அல்லது கிட்டத்தட்ட தினமும் எடுப்பவர்கள் நாலில் ஒரு பங்கு என்ற அளவிலேயே நிற்கிறார்கள்.

பதின்ம வயதினர் பாவனை பெரிதாக ஏறவில்லை, ஆனால் ஏற்கெனவே இருந்த உயரத்திலிருந்து இறங்கவும் இல்லை என்பதே சட்டத்தை மீளாய்வு செய்த நிபுணர் குழு 2024 மார்ச்சில் சொன்னது. முன்னாள் அரச அதிகாரி மொறிஸ் ரோஸன்பேர்க் அதன் தலைவர். "பிள்ளைகளிடமிருந்து தள்ளி வைப்போம்" என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டத்துக்கு, ஏறவில்லை என்பது மட்டும் போதுமான வெற்றி இல்லை. எனக்கு அதில் ஏமாற்றம்தான்.

எங்கள் வீட்டில் யாரும் பாவிப்பதில்லை. எங்களுக்கு என்ன வந்தது?

சின்னப் பிள்ளைகள் இருந்தால் வந்திருக்கிறது. கஞ்சா கலந்த உணவுப் பொருட்கள், அதாவது கம்மி (gummy) என்ற மெல்லும் இனிப்பு, சொக்லேட், பிஸ்கட், 2019 ஒக்ரோபரில் சட்டபூர்வமாகி அந்த டிசம்பரில் கடைக்கு வந்தன. ஒரு பொதிக்குள் 10 மில்லிகிராம் டி.எச்.சி.க்கு மேல் இருக்கக்கூடாது. டி.எச்.சி. என்பது போதை தரும் வேதிப்பொருள். வளர்ந்தவருக்கு 10 மில்லிகிராம் ஒரு அளவு, இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது விஷம்.

ஒன்ராறியோ ஆய்வாளர்கள் நான்கு மாகாணங்களின் வைத்தியசாலைப் பதிவுகளை ஒப்பிட்டார்கள். ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா மூன்றிலும் கம்மி, சொக்லேட் விற்க அனுமதி. கியூபெக்கில் பிள்ளைகளைக் கவரும் இனிப்பு வகைகளுக்குத் தடை. உலர்ந்த கஞ்சா மட்டும் விற்ற முதல் கட்டத்தில், தெரியாமல் கஞ்சாவை விழுங்கி வைத்தியசாலையில் சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறியது. இனிப்புகள் வந்த பிறகு மூன்று மாகாணங்களில் அது மேலும் பாய்ந்தது, கியூபெக்கில் அப்படி ஏறவில்லை. ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரு விதி மட்டும் வேறு. சட்டபூர்வமாக்கினால் என்ன நடக்கும் என்று யாராவது என்னைக் கேட்டால் முதலில் இந்த ஆய்வைத்தான் சொல்வேன். என்ன நடக்கும் என்பது எதை, எந்த வடிவத்தில், எந்தப் பொதியில் விற்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

இன்னொன்று. சட்டவிரோதமாக இணையத்தில் விற்கும் பொதிகள் நாம் கடையில் பார்க்கும் இனிப்புப் பொதிகளைப் போலவே இருக்கும், உள்ளே நூற்றுக்கணக்கான மில்லிகிராம் என்று போட்டிருக்கும். எங்கள் வீடுகளில் கீழ்த்தளம் வாடகைக்குப் போகும், சித்தப்பாவின் மகன் வந்து தங்குவான், பிறந்தநாளுக்கு முப்பது பேர் வருவார்கள். யாருடைய ஜக்கெட் பைக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. பிள்ளை காரணமில்லாமல் தூங்கி விழுந்தால், தள்ளாடினால், மூச்சு மெதுவாகினால் வெட்கப்படாமல் உடனே 911 எடுங்கள். நச்சுத் தகவல் நிலையத்தின் இலவச இலக்கம் 1-844-764-7669. கஞ்சாவாக இருக்கலாம் என்று வைத்தியரிடம் சொல்வதால் உங்களை யாரும் பிடித்துக்கொண்டு போகப் போவதில்லை. சொல்லாவிட்டால், மூளைக்காய்ச்சலோ என்று தேவையில்லாத சோதனைகளையெல்லாம் அந்தப் பிள்ளை தாங்க வேண்டி வரும்.

கஞ்சா மனநோயைத் தருமா? எங்கள் காலத்தில் கஞ்சா அடித்த மாமா நன்றாகத்தானே இருந்தார்?

மாமாவின் கஞ்சாவும் இன்றைய கஞ்சாவும் ஒன்றில்லை. 1980களின் தொடக்கத்தில் பறிமுதல் செய்யப்பட்ட கஞ்சாவில் டி.எச்.சி. சுமார் 3 வீதம் என்று அமெரிக்கச் சோதனைகள் காட்டின. இன்று கனடாக் கடைகளில் 20 வீதத்துக்கு மேல் உள்ள பொதிகள் சாதாரணம். வடித்தெடுத்த சாறுகளில் அதைவிடப் பல மடங்கு.

கஞ்சா அடித்த எல்லாருக்கும் மனநோய் வராது. பெரும்பாலானோருக்கு வருவதில்லை. ஆனால் இள வயதில் தொடங்குபவர்கள், தினமும் அடிப்பவர்கள், செறிவு கூடியதை எடுப்பவர்கள், குடும்பத்தில் ஸ்கிட்ஸோஃப்ரினியா போன்ற நோய் உள்ளவர்கள், இவர்களுக்கு ஆபத்து உண்மையிலேயே கூடுதல். மூளை வளர்ந்து முடிய ஏறத்தாழ 25 வயதாகிறது. ஒன்ராறியோவில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வொன்று 2025இல் வெளிவந்தது. புதிதாக வந்த ஸ்கிட்ஸோஃப்ரினியா நோயாளர்களில், வைத்தியசாலைக்குப் போகும் அளவுக்கு முற்றிய கஞ்சாப் பழக்கத்தோடு தொடர்புபட்டவர்களின் பங்கு சட்டத்துக்கு முன் சுமார் 4 வீதம், பின்னர் சுமார் 10 வீதம். அதே ஆய்வில், ஸ்கிட்ஸோஃப்ரினியா வந்தவர்களின் மொத்த விகிதம் பெரிதாக மாறவில்லை. ஆகவே "சட்டம்தான் நோயைக் கொண்டுவந்தது" என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. பழக்கம் முற்றியவர்களைக் கவனிக்காமல் விட்டால் என்னவாகும் என்பதை அது காட்டுகிறது.

நம் குடும்பங்களில் இது இரட்டிப்பாக வலிக்கும் இடம். "பெரியப்பாவுக்குக் கொஞ்சம் மனம் சரியில்லாமல் இருந்தது" என்பதை நாம் பிள்ளைகளிடம் சொல்வதே இல்லை. ஊரில், முகாமில், போரில் பட்டதைச் சொல்லாமல் மூடி வைத்த வீடுகள் எத்தனை. அந்தக் குடும்ப வரலாறு பிள்ளைக்குத் தெரிந்தால்தான் தனக்கு இந்தப் பொருள் கூடுதல் ஆபத்து என்று அவனுக்கோ அவளுக்கோ தெரியும்.

மகளுக்கு விடாமல் வாந்தி. சுடுநீரில் குளித்தால்தான் நிற்கிறது என்கிறாள். இதற்கும் கஞ்சாவுக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு இருக்கலாம். நீண்ட நாள் அதிகமாகக் கஞ்சா பாவிப்பவர்கள் சிலருக்கு அடிக்கடி கடும் வாந்தி வரும், சுடுநீர்க் குளியல் மட்டும் கொஞ்சம் ஆறுதல் தரும். வைத்தியர்களுக்கு நன்கு தெரிந்த நிலைதான் இது. ஒன்ராறியோவில் இதற்காக அவசரப் பிரிவுக்கு வந்தவர்களின் வீதம் 2014க்கும் 2021க்கும் இடையில் சுமார் 13 மடங்கானது. கஞ்சாவை நிறுத்தினால்தான் இது தீரும். வயிற்றுக்கோளாறு என்று சீரகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம், குடும்ப வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.

கள்ளச் சந்தை ஒழிந்ததா?

ஒழியவில்லை, சுருங்கியது. தொடக்கத்தில் கடைக் கஞ்சா ஒரு கிராம் சுமார் 10 டொலர், கள்ளத்தனமாக வாங்கினால் ஆறேழு டொலர். கடைகளும் குறைவு. ஒன்ராறியோவில் குலுக்கல் போட்டு 25 அனுமதிதான் முதலில் கொடுத்தார்கள். யார் கடைக்குப் போவார்? பிறகு கடைகள் பெருகின, விலை இறங்கியது. 2023இல் பாவிப்பவர்களில் பத்தில் ஏழு பேர் சட்டபூர்வமான இடத்திலேயே முழுவதுமாகவோ பெரும்பாலுமோ வாங்குவதாகச் சொன்னார்கள். ஐந்து வருடத்தில் இது பெரிய மாற்றம் என்று நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைகள் பெருகி விலை இறங்கினால் பாவனையும் ஏறும். கள்ளச் சந்தையை விழுத்துவதும் பாவனையைக் குறைப்பதும் ஒன்றையொன்று இழுக்கும் நோக்கங்கள். அரசு இன்னும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது.

வியாபாரிகள் கொழுத்துவிட்டார்களா?

பலர் நொடிந்து போனார்கள். ஒன்ராறியோவில் ஸ்மித்ஸ் ஃபோல்ஸ் என்ற சின்ன ஊரில் ஹெர்ஷி நிறுவனத்தின் பழைய சொக்லேட் தொழிற்சாலையை கனோபி குரோத் என்ற கஞ்சா நிறுவனம் வாங்கி ஓகோவென்று நடத்தியது. 2018இல் மதுபான நிறுவனம் ஒன்று அதில் 400 கோடி அமெரிக்க டொலர் போட்டது. 2023இல் அந்தக் கட்டடம் மறுபடியும் ஹெர்ஷியிடமே விற்கப்பட்டது. வேலை போனவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

உற்பத்தி தேவைக்கு மிஞ்சிப் போனது ஒரு காரணம், வரி இன்னொன்று. கிராமுக்கு 1 டொலர் அல்லது விலையில் 10 வீதம், இதில் எது கூடவோ அதுதான் கலால் வரி. கிராம் 10 டொலர் போகும் என்று நினைத்துப் போட்ட கணக்கு அது. மொத்த விற்பனை விலை மூன்று நான்கு டொலருக்கு இறங்கியதும் அதே 1 டொலர் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. அந்த வரியில் முக்கால்வாசி மாகாணங்களுக்கே போகிறது. பங்குச் சந்தையில் கஞ்சாப் பங்கு வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட தமிழர்களும் குறைவில்லை.

கஞ்சா அடித்துவிட்டு வண்டி ஓட்டினால்?

மது அருந்தி ஓட்டுவதைப் போன்ற குற்றம்தான். பொலிஸ் எச்சில் சோதனை செய்யலாம், இரத்தத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 2 நானோகிராம் டி.எச்.சி. இருந்தாலே குற்றம் தொடங்குகிறது. ஒன்ராறியோவில் 21 வயது வரையானவர்களுக்கும், ஜி1, ஜி2 என்ற புதிய சாரதி உரிமம் உள்ளவர்களுக்கும், லொறி போன்ற வர்த்தக வாகனம் ஓட்டுபவர்களுக்கும் எல்லை பூச்சியம். நம்மவர்களில் எத்தனை பேர் லொறி ஓட்டுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் விபத்தில் காயப்பட்டு வைத்தியசாலைக்கு வந்த சாரதிகளின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வில், 2 நானோகிராமுக்கு மேல் இருந்தவர்கள் சட்டத்துக்கு முன் 3.8 வீதம், பின்னர் 8.6 வீதம்.

நான் இன்னும் குடியுரிமை எடுக்கவில்லை. எனக்கு ஏதும் வித்தியாசமா?

மிகப் பெரிய வித்தியாசம். சந்திப்பில் குறைவாகக் கேட்கப்படும் கேள்வியும் இதுதான், நான் அதிகம் கவலைப்படுவதும் இதற்குத்தான்.

கடையில் வாங்கிச் சட்ட எல்லைக்குள் பாவித்தால் கனடாவில் குற்றமில்லை. ஆனால் அந்தச் சட்ட எல்லையைத் தாண்டினால், குடிமகனுக்குத் தண்டனையோடு முடிவது உங்களுக்கு நாடு கடத்தலில் முடியலாம். அதிகபட்சத் தண்டனை 10 வருடமோ அதற்கு மேலோ உள்ள குற்றத்தில் தீர்ப்பு வந்தால், நிரந்தர வதிவிடம் உள்ளவரையும் குடிவரவுச் சட்டம் "பாரிய குற்றம்" செய்தவராகப் பார்க்கும். உண்மையில் கிடைத்த தண்டனை அபராதம் மட்டுமாக இருந்தாலும் சரி. போதையில் வாகனம் ஓட்டுவதற்கான அதிகபட்சத் தண்டனை 2018 டிசம்பர் 18இலிருந்து 5 வருடத்திலிருந்து 10 வருடமாக உயர்ந்தது. அனுமதியின்றி விற்பதற்கு, எல்லை கடந்து கொண்டுபோவதற்கு 14 வருடம் வரை. படிக்க வந்த மாணவர்களுக்கும் வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கும் இதைவிடச் சிறிய குற்றத்துக்கே இந்த ஆபத்து வரலாம். நண்பனுக்காக ஒரு பொதியைக் கைமாற்றி விற்பது சின்ன விஷயமாகத் தெரியும். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கடன்பட்டு அனுப்பிய பெற்றோருக்கு அது சின்ன விஷயமாக இருக்காது. பொலிஸ் குற்றம் சாட்டினால், ஒப்புக்கொள்வதற்கு முன் உங்கள் குடிவரவு நிலையை வழக்கறிஞரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

விமானத்தில் கொண்டு போகலாமா?

கனடாவுக்குள் 30 கிராம் வரை போகலாம். நாட்டை விட்டு வெளியே ஒரு துளியும் கூடாது, மருந்துச் சீட்டு இருந்தாலும். பஃபலோவுக்குப் போகும்போதும் கூடாது, நியூயோர்க் மாநிலத்தில் அனுமதி இருந்தாலும். அமெரிக்க மத்திய சட்டத்தில் அது இன்னும் குற்றம், எல்லையில் நிற்பவர் மத்திய அரசின் அதிகாரி.

சிங்கப்பூர் வழியாக ஊருக்குப் போகிறவர்கள் பலர் என்பதால் இதையும் சொல்கிறேன். அங்கே 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. ஒரு கிலோ அளவு கஞ்சாவைக் கடத்தச் சதி செய்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்ட தங்கராஜு சுப்பையா என்ற தமிழரை 2023 ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கம்மிப் பொதியை மறந்து பையில் விட்டுவிட்டேன் என்று சென்னை விமான நிலையத்தில் சொல்லிப் பயனில்லை.

முன்பு கஞ்சா வழக்கில் மாட்டியவர்கள் என்ன ஆனார்கள்?

2019இல் சட்டம் கொண்டுவந்தார்கள். வைத்திருந்த குற்றத்துக்கு மட்டும் தண்டனை பெற்றவர்கள் கட்டணமின்றிக் குற்றப் பதிவை ஒதுக்கி வைக்க விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம்தான் இல்லை. கைரேகை, நீதிமன்றப் பத்திரங்கள் என்று அலைச்சல் இருந்தது, முதல் இரண்டு வருடத்தில் சில நூறு பேருக்கே கிடைத்தது. தடைக் காலத்தில் கறுப்பினத்தவரும் பழங்குடி மக்களும் தங்கள் தொகையை மீறிப் பிடிக்கப்பட்டார்கள். நம் பெடியன்கள் சிலரும் அந்தக் காலத்தில் மாட்டி, இன்றுவரை நல்ல வேலைக்கு விண்ணப்பிக்கத் தயங்குகிறார்கள். இன்று அதே பொருளைப் பற்றுச்சீட்டோடு விற்கும்போது இந்தப் பதிவுகளை அரசு தானாகவே அழித்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் எனக்கு மிகப் பெரிய மனக்குறை இதுதான்.

தாய்லாந்து திறந்துவிட்டுப் பிறகு மூடியதே, ஏன்?

2022 ஜூன் 9இல் தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டம் முன்கூட்டி நிறைவேறவில்லை, பிறகும் இழுபட்டது. ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்தன. 2025 ஜூனில் மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது என்று திரும்பவும் கட்டுப்படுத்தினார்கள். கனடா விதியை எழுதிவிட்டுக் கதவைத் திறந்தது, தாய்லாந்து கதவைத் திறந்துவிட்டு விதியைத் தேடியது.

மகனின் பைக்குள் பொதி ஒன்றைக் கண்டேன். அவனுக்கு 16. என்ன செய்ய?

முதலில் பொதியைப் பாருங்கள். கலால் வரி முத்திரையும் சிவப்பு எண்கோணக் குறியும் இருந்தால் கடையிலிருந்து வந்தது, வயது வந்த யாரோ அவனுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பொலித்தீன் பையோ மினுங்கும் இனிப்புப் பொதியோ என்றால், உள்ளே எவ்வளவு செறிவு, வேறென்ன கலந்திருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது. அதை அவனிடமே சொல்லிக் கதையைத் தொடங்கலாம். அப்புறம் கேளுங்கள்: எவ்வளவு நாளாக, கிழமைக்கு எத்தனை முறை, தனியாகவா நண்பர்களோடா, நித்திரைக்காகவா, யோசனையை மறக்கவா. கடைசி இரண்டுக்கும் ஆம் என்றால் கஞ்சாவை விட முக்கியமான வேறொன்று அங்கே இருக்கிறது.

அவனை அடிக்க வேண்டாம், ஊருக்கு அனுப்புவேன் என்று மிரட்டவும் வேண்டாம். அப்படி மிரட்டிய ஒரு அப்பா பிறகு எங்கள் சந்திப்புக்கு வந்து, மகன் ஆறு மாதமாகத் தன்னோடு பேசவில்லை என்று சொல்லி அழுதார். உதவி வேண்டுமானால் ஒன்ராறியோவில் கனெக்ஸ் ஒன்ராறியோ சேவையை இரவு பகலாக 1-866-531-2600இல் அழைக்கலாம். பிள்ளை தானே பேச விரும்பினால் கிட்ஸ் ஹெல்ப் ஃபோன் 1-800-668-6868. இரண்டும் இலவசம். இலக்கத்தை அவன் கைப்பேசியில் நீங்கள் பதிய வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள், அவனுக்கு வேண்டிய நேரத்தில் பார்ப்பான்.